மூட்டையில் வந்த மண்

காவலூர் நாற்றங்காலில்
நானூறு பைகளில் விதைத்தோம்.
முளைத்த கையோடு பழுத்தன
ஊசி ஊசியாய்.

தண்ணீர் போதவில்லை என்றார் ரேஞ்சர்.
தண்ணீர் அதிகம் என்றார் அடுத்து வந்த ரேஞ்சர்.

எபனேசர்தான் கொடைக்கானலிலிருந்து
ஒரு சாக்கு மண் கொண்டுவந்தார்,
வாணியம்பாடி பஸ்ஸில் அதற்கும் டிக்கெட் வாங்கி.
பழைய பைன் மரத்தடி மண்.
உள்ளே வெள்ளை நூலாய்ப் பூஞ்சை.
பைக்கு ஒரு பிடி போட்டேன்.
தாய்வீட்டுச் சீர் வந்த மாதிரி
நிமிர்ந்துகொண்டன.

அப்புறம் எதுவும் கேட்கவில்லை.
பாறை இடுக்கு போதும்,
ஜவ்வாது மலைக் காற்று போதும்.
ஆடு முகர்ந்துவிட்டு
சாமைக் கொல்லைக்கே திரும்பிவிடும்.

தீக்குச்சிக்கு, பெட்டிப் பலகைக்கு,
பால் வடித்தால் டர்பன்டைனுக்கு
என்று பதிவேட்டில் இருக்கிறது.
எனக்குத் தெரிந்தது
மண்ணெண்ணெய்க்கும் போகாத
உள்ளங்கைப் பிசுக்கு.

பதினாறு வருஷம்.
நின்றவை முப்பத்தொன்று.
அடியில் புல்லும் வராது என்கிறான் வேடியப்பன்.
வராதுதான்.
உதிர்ந்த ஊசிகளை வாரிப்போய்
கூடையில் பரப்பினேன்.
அடைக்கோழி ஒருமுறை கொத்திப் பார்த்தது,
இரண்டு சுற்று சுற்றியது,
பிறகு
உட்கார்ந்துவிட்டது.