பறக்காத விமானத்தின் பயண நேரம்

மழை விட்ட பதினொரு மணிக்கு
ஜெசிந்தா கடைக்குள் வந்தாள்.
பிரிண்டர்மேல் வைக்காதீங்க என்றதும்
குடையைக் கதவோரம் சாய்த்தாள்; சரிந்து விழுந்தது.
இருவருமே எடுக்கவில்லை.

டிக்கெட் வேண்டாம், ஒரு கணக்கு போதும்.
கோவை விமான நிலையம், ஹூப்ளி விமான நிலையம்.
எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்?

தட்டினேன். திரை யோசிக்கவேயில்லை.
ஐந்நூற்று இருபத்தைந்து கிலோமீட்டர்,
ஒரு மணி பத்து நிமிடம்.
கீழே வரைபடத்தில்
நூல் பிடித்து இழுத்த சிவப்புக் கோடு.

இதையேதான் அவர் வக்கீலும் எழுதியிருக்கார் என்று
பிளாஸ்டிக் உறையிலிருந்து ஒரு தாளை உருவினாள்.
மாதம் இரு சனிக்கிழமை
குழந்தை தந்தையிடம் வந்துபோவதில்
சிரமம் ஏதுமில்லை; பயண நேரம் எழுபது நிமிடம்.
குழந்தை பெயர் ரூத். ஏழு வயது.
அரவேனு தாண்டுவதற்குள் ரெண்டு கவர் வேணும் அவளுக்கு
என்றாள்.

பதினாறு வருடமாய் கோத்தகிரியில் டிக்கெட் போடுகிறேன்.
அந்தக் கோட்டில் ஓர் ஆளைக்கூட ஏற்றி அனுப்பியதில்லை.
விமானமே இல்லாத வழிக்கு
நேரம் மட்டும் இருக்கிறது,
பஸ் நிற்காத நிறுத்தத்தில்
கடிகாரம் மாட்டிவைத்ததுபோல.

கோட்டைப் பெரிதாக்கினேன்.
மேட்டுப்பாளையத்துப் பாக்குத் தோப்பைத் தாண்டி
ஒரு வளைவும் வளையாமல் மலையேறி
மார்க்கெட்டைத் தொட்டு, டீ ஃபேக்டரித் தகரத்தைத் தொட்டு...
எங்க வீட்டு மேலயே போகுதே இது!
முதல் முறையாகச் சிரித்தாள்.

ஆமாம், வடக்கே போவதற்கு
நாம் தெற்கே இறங்கியாக வேண்டும்.
மூன்று மணி நேரம் இறங்கி,
பெல்ட்டைக் கழற்றி, பாட்டில் தண்ணீரைக் கொட்டி,
அப்படி ஒன்று பறந்து, அதில் ஏறவும் முடிந்தால்
ஏழாவது நிமிடம்
பூட்டிவந்த வீட்டுக்கு மேலே இருப்போம்.
கொடியில் மறந்த யூனிஃபார்ம் தெரியாது.

நிஜத்தைத் தட்டச்சு செய்தேன்.
வீட்டில் கிளம்புவது அதிகாலை மூன்றரை.
குஞ்சப்பனையில் யானை நின்றால் அரை மணி கூடுதல்.
பெங்களூருக்கு ஒரு விமானம்.
அங்கே நாற்காலியில் நாலரை மணி நேரம்.
இன்னொரு விமானம். ஆட்டோ.
தந்தை வீட்டு வாசல், பிற்பகல் மூன்று.
ஆக பதினொன்றரை மணி.

யானையை எடுத்துடுங்க, ஜட்ஜ் சிரிப்பார் என்றாள்.
எடுத்தேன்.
மொத்தத்தைத் திரும்பவும் படித்தாள்.
ஜெயித்த முகமாக இல்லை அது.
எட்டுன்னு நினைச்சேன்.
எட்டுன்னா அனுப்பியிருப்பேன்.
தினம் கேக்கறா அவ, அப்பாவை.

சற்றுக் கழித்து,
அங்கிருந்து இங்கே? என்றாள்.
அதே நேரம்தாங்க, முன்னே பின்னே.
அதையும் போடுங்க.
அவருக்கு மலையில வாந்தி வராது.

இரண்டு தாள், இருபது ரூபாய்.
முத்திரை காய்ந்திருந்தது;
வாயால் ஊதி ஊதிக் குத்தினேன்.
கடையின் பெயரில் பாதிதான் விழுந்தது.
பரவாயில்லை என்றாள்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் தூறல் மறுபடி பிடித்தபோதுதான்
குடையைப் பார்த்தேன்.
கூப்பிட்டது கேட்கவில்லை.
தாள்களை ஸ்வெட்டருக்குள் செருகிக்கொண்டு
ஓடிக்கொண்டிருந்தாள்,
நேர்கோட்டில் அல்ல,
குழிகளைச் சுற்றிச் சுற்றி.