கணப்புக்கு ஒரு சுவர்

அப்புத்தளையில் இரட்டை வீட்டின் ஒரு பாதி
எங்களுடையதானது.
நாலு சுவரில் ஒன்று நெருப்புக்கு.

மரியநேசன் பாஸ் ஊதுபத்தி கொளுத்தி
மூலை மூலையாய் நின்று பார்த்தார்.
வாசல் பக்கம் புகை மடங்கி
அவர் கண்ணுக்கே வந்தது.
"பள்ளத்துக் காத்து, தங்கச்சி. இங்க வேணாம்."

அடுப்படிப் பக்கமா என்றேன்.
கேஸ் சிலிண்டரைப் பார்த்தார்,
பதிலே சொல்லவில்லை.

கிழக்குச் சுவர் எனக்குப் பிடித்திருந்தது.
தட்டிப் பார்த்தார்.
அந்தப் பக்கமிருந்தும் தட்டு வந்தது:
அடுத்த பாதி வீட்டுச் சதுர்ஷன், மூன்று வயது,
சுவரை ஒட்டி அவன் பலகைக் கட்டில்.

பங்களாவில் பதினோரு வருஷம்
அடுத்தவர் குளிருக்கு விறகு அடுக்கியவள் நான்.
சுவருக்குப் பின்னால் யார் தூங்குவது என்று
அங்கே எவரும் கேட்டதில்லை.
தூங்கியது நான்தான்.

மிச்சம் மேற்கு.
அதில்தான் ஜன்னல்,
ஜன்னலில்தான் மலை.

இரண்டு நாள் பேசாமல் இருந்துவிட்டு
அடைக்கச் சொன்னேன்.
தீச்செங்கல், தரையில் கருங்கல்,
புகைக்கூண்டு கூரைக்கு மேல் மூன்றடி.
திரைச்சீலைத் துணியில்
தலையணை உறை தைத்தாயிற்று.

முதல் இரவு
சவுக்கு விறகு வெடித்தது.
கதவை ஒரு விரற்கடை திறந்துவைத்து
மலை இருந்த இடத்தில்
கை நீட்டிக் காய்ந்தேன்.