மணிக்கணக்கு

மன்னார்குடியில், ஒரு மருந்துக்கடையின் மாடியில்
ஜியாவுதீனின் ஸ்டுடியோ.
நகக்கண்ணில் கிரீஸோடு படியேறி வந்தவனை
பாஸ்போர்ட் போட்டோ ஸ்டூலில்
உட்காரச் சொன்னார்.
கேமரா வாங்க வந்தேன் என்றேன்.
எதைப் பிடிக்க?
கொக்கை.
அவர் சிரிக்கவில்லை.
அதனால்தான் அங்கேயே வாங்கினேன்.

புதுசு நாற்பத்திரண்டாயிரம், கண்ணாடி அலமாரியில்.
பழசு பத்தொன்பது, துணி சுற்றி
மேசை இழுப்பறையில்.
பிடி ரப்பர் வழவழத்திருந்தது,
யாரோ நிறையக் கல்யாணம் எடுத்த கை.
"பதினோராயிரத்துச் சொச்சம் தடவைதான் அடிச்சிருக்கு, பாருங்க."
அந்தக் கணக்கு மட்டும்
எனக்கு உடனே புரிந்தது.
ஆத்தூரில் எங்கள் முதலாளி
பழைய அறுப்பு வண்டி வாங்கப் போனபோது
பெயின்ட்டைப் பார்க்கவில்லை நாங்கள்.
மணி மீட்டரைப் பார்த்தோம்.
அப்புறம் பெல்ட்டை முகர்ந்தோம்.

லென்ஸையும் முகர்ந்தேன்.
செல்போன் விளக்கை உள்ளே அடித்து
பூஞ்சை எப்படி இருக்கும் என்று காட்டினார்:
கண்ணாடிக்குள் நூலாம்படை.
காட்டிய லென்ஸை
விலை சொல்லாமல் ஒதுக்கி வைத்தார்.

கையில் மீதி ஏழாயிரத்து முந்நூறு.
நீள லென்ஸ் எடுத்தால் முக்காலி இல்லை,
முக்காலி எடுத்தால் லென்ஸ் இல்லை.
"கொக்கு பக்கத்துல வருமா?"
வரும்.
என்கிட்டே இல்லை, வண்டிகிட்டே வரும்.
நீள லென்ஸையே கட்டிக் கொடுத்தார்.
ஒரு மெமரி கார்டு.
டப்பாவில் போட்டு வைக்க
ஈரம் உறிஞ்சும் பொட்டலம் நாலு, இனாம்.

முக்காலியைச் செங்கோடன் செய்தான்.
தன் பழைய லுங்கியைக் கிழித்துத் தைத்து
பதர் நிரப்பினான்.
வண்டிக் கைப்பிடியில் அதை வைத்து
லென்ஸை அழுத்தினால்
தொட்டில் பிள்ளை மாதிரி கிடக்கும்.

கோட்டூர்ப் பக்கம், மாசி மாதம்,
சம்பா அறுப்பு.
பனி காய்ந்தால்தான் வயலில் இறங்கலாம்.
வெளிச்சம் நல்லபடி இருக்கும்போது வண்டி சும்மா நிற்கும்,
கொக்கும் இல்லை.
வண்டி ஓடும்போது உச்சிவெயில்,
தூசி, வைக்கோல் துகள்,
பின்னால் நூறு நூற்றைம்பது கொக்கு,
நடுவில் கரிச்சான் நாலைந்து.
எங்கள் சத்தம்தான் அவற்றுக்குச் சாப்பாட்டு மணி:
தாள் அதிர அதிரத் தத்துக்கிளி எழும்பும்.

முதல் நாள் படம் அறுபத்தெட்டு.
அறுபத்தெட்டும் வெள்ளைத் தீற்றல்.
என்ஜின் நடுக்கம் பதரையும் தாண்டி வந்திருந்தது.

மறுநாள் சாயங்காலம் என்ஜினை நிறுத்தினேன்.
மணிக்கு இரண்டாயிரத்து ஐந்நூறு பேசின நிலம்.
வரப்பில் வேதவல்லியக்கா
செல்போனில் நேரம் பார்த்தார்.
"ரிப்பேரா?"
இல்லக்கா, போட்டோ.
"அப்ப இது உன் கணக்கு."

சத்தம் நின்றதும்
வயல் முழுக்க ஒரே சமயத்தில்
கழுத்துகள் நிமிர்ந்தன.
ஏன் நிறுத்தினாய் என்று
அத்தனையும் என்னையே பார்த்தன.
விரலை அழுத்தினேன். அழுத்திக்கொண்டே இருந்தேன்.
அப்புறம் ஒன்று பறந்தது,
அதன்பின் எல்லாம்.

அக்கா தாள் மிதித்து வந்து எட்டிப் பார்த்தார்.
பெரிசாக்கத் தெரியுமா என்றார்.
பெரிசாக்கினேன்.
கொக்கின் கண், கண்ணைச் சுற்றி மஞ்சள்,
அலகில் பாதி தத்துக்கிளி.
அவர் விரல் அதைத் தாண்டிப் போனது,
படத்தின் ஓரத்துக்கு.
"இந்தா, வாய்க்கா மூலையில
ஒரு வரிசை நிக்குது பாரு, விட்டுட்டியே."

நின்றது.
தாள் தாளாக, கதிர் கதிராக,
கொக்கை விடத் துல்லியமாக.

என்ஜினைப் போட்டு
வாய்க்கால் மூலைக்குத் திருப்பினேன்.
நாலு நிமிஷத்தைக் கழித்துத்தான் காசு தந்தார்.
திரும்பிப் பார்க்கவில்லை,
பின்னால் வந்திருக்கும்.