ஒரு நாளைக்குக் கண்டி வரும் புஸ்பராணிக்கு

அட்டனில் ஐந்தரை பஸ்ஸைப் பிடி.
ஜன்னலோரம் கிடைத்தாலும் கினிகத்தேனை வளைவுகளில்
உனக்குக் குமட்டும்; தேசிக்காய் ஒன்று வைத்துக்கொள்.
அடையாள அட்டையை மறக்காதே.
குட்ஷெட்டில் இறங்கி
மணிக்கூட்டுக் கோபுரம் வரை கூட்டத்தோடு நட.
வழியில்தான் என் கடை. உள்ளே வராதே.
கண்ணாடிக்குப் பின்னால்
பொம்மைக்குச் சேலை மாற்றிக்கொண்டிருப்பேன்,
கையை மட்டும் காட்டு.
லீவு கேட்டேன். தீபாவளிக்கு எடுத்த மூன்று நாளை
முதலாளி இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

ஆகவே தனியாகத்தான் பார்க்கவேண்டும் நீ.
எழுதுகிறபடி பார்.

முதலில் ஏரி.
சுற்றிவர ஒரு மணித்தியாலம் என்பார்கள்.
முதுகில் கூடை இல்லாத உனக்கு முக்கால் போதும்.
மரமெல்லாம் நீர்க்காகம்,
அடியில் நடந்தால் குடை பிடி, மழைக்கல்ல.
கபரகொய்யா கரையேறிப் படுத்திருக்கும்;
அதுபாட்டுக்குக் கிடக்கட்டும், நீபாட்டுக்குப் போ.
பொரி வாங்கிப் போட்டால்
மீன்கள் ஒன்றின் முதுகில் ஒன்று ஏறி வரும்,
சம்பள நாளில் நம் ஆட்கள் மாதிரி.
வாங்குகளில் விரித்த குடைகள் இருக்கும்.
அந்தப் பக்கம் திரும்பாதே.
(நானும் ஒருதரம் ஒரு குடைக்குள் இருந்தேன்.
அதை நேரில் சொல்கிறேன்.)

கரைமதிலைத் தொட்டுப் பார்.
மேகம் நெளிகிற மாதிரி நெளிந்துபோய்
ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும்.
இங்கே வயல்தான் இருந்ததாம்.
வயலை ஏரியாக்கின ராஜா
மதிலை முடிப்பதற்குள் பிடிபட்டான்,
வேலூருக்குக் கப்பலேற்றிவிட்டார்கள்.
தமிழும் பேசுவானாம்.
எனக்கு ஒரு யோசனை, சிரிக்காதே:
ராஜாவைக் கொண்டுபோன கப்பல்
வெறுமையாகத் திரும்பியிருக்குமா?
அப்படித் திரும்பத் திரும்ப
வந்ததில் ஒன்றில்தானே
உன் பாட்டனும் என் பாட்டனும்.

மாளிகைக்கு வெள்ளை உடுத்திப் போ, முழங்கால் மூட.
செருப்புக் கொடுத்த சீட்டைத் தொலைக்காதே,
போன தடவை தங்கச்சி வெறுங்காலோடு அட்டன் போனாள்.
நீலப்பூ வாங்கினால் மோந்து பார்க்காதே,
சாமிக்கு முன்னால் மூக்குக்குக் கொடுக்கக்கூடாது.
பூசைக்கு மேளம் தொடங்கும்போது
நெஞ்சு எங்கேயோ தட்டுப்படும்.
நம் தப்புக்கு அது தூரத்துச் சொந்தமாக இருக்கும்.

பசித்தால் கட்டுக்கலைப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு
பக்கத்தில் எங்காவது தோசை.
சாம்பார் சுமார்.

மலைமேல் வெள்ளைப் புத்தர் தெரியும்.
ஏறு; மலை உனக்கென்ன புதிதா.
பாதி வழியில் மூச்சு வாங்குகிற சுற்றுலாக்காரர்கள்
"அழகு, அழகு" என்று கைகாட்டுவார்கள்.
நீயும் திரும்பிப் பார்.
கொழுந்து எடுக்காமல் மலையில் சும்மா நிற்பது
எப்படியிருக்கிறது என்று பார்.

கடைசியாகப் படகு.
இதுதான் முக்கியம், புஸ்பா.
இரண்டு டிக்கட் எடு, காசு நான் தருகிறேன்.
ஒரு இருக்கையில் உன் பையை வை.
நடுவிலிருக்கும் தீவைச் சுற்றும்போது
தண்ணீரில் கைவிட விடுகிறார்களா,
குளிரா, வெதுவெதுப்பா,
அங்கிருந்து பார்த்தால் என் கடைத்தெரு
தெரிகிறதா என்று பார்.

ஏனென்றால் மேலே எழுதியதில் பாதி
சேலை வாங்க வந்தவர்கள் சொன்னது.
புத்தர் மலைக்கு நான் ஏறியதில்லை.
மாளிகைக்கு இரண்டு தரம், அதுவும் ஓட்டமாக.
ஏழு வருசத்தில் நான் பார்த்த ஏரி
ஒரு குடை அகலம்.

பிழையாக எழுதியதை எல்லாம் குறித்துக்கொள்.
ஏழரைக்குக் கடை பூட்டுவோம்,
பின்வாசலில் நில்.
கடைசி பஸ்ஸுக்கு அரை மணி இருக்கும்.
அதற்குள் பேசி முடிக்கவேண்டும்:
நீ ஏரியை,
நான் குடையை.