அப்படியொரு நாள்

மூஹு தீவிலிருந்து ஹெல்வே அழைத்தாள்:
"மார்ச் ஐந்துக்குப் படகு கேட்டால்
அப்படியொரு நாளே இல்லை என்கிறது உங்கள் தளம்.
அக்டோபர் பத்து இருக்கிறதாம்.
என் ஆடு அதுவரை ஈனாமல் பொறுக்குமா?"

என் திரையில் இருந்தது மார்ச் ஐந்து.
செவ்வாய்க்கிழமை. வண்டிக்குப் பதினொரு இடம் காலி.
"இங்கே ஓடுகிறதே" என்றேன்,
எங்கள் தொழிலில் எல்லோரும் சொல்வதை.

மகன் விட்டுப்போன பழைய ஐபேட் அவளுடையது.
தார்த்து அலுவலகத்தில் அப்படியொன்று இல்லை;
கீழ்த்தளத்துப் பல் மருத்துவரிடம் இரவல் வாங்கினேன்.
அதிலும் இல்லை அந்த நாள்.

மூன்றுக்கு முன்னால்
சுழியம் போடாமல் விட்டிருக்கிறேன்.
என் உலாவி தாராளக்காரி,
குறையை மென்று விழுங்கி
நாளைக் கொடுத்துவிட்டாள், இத்தனை மாதமும்.
இவளோ எழுத்தெண்ணிப் படித்தவள்.
விதிநூலைப் புரட்டினால்
இந்த இடத்தில் அவரவர் விருப்பம் என்கிறது.

சுழியத்தைச் சேர்க்க நான்கு நொடி.
அதைக் கண்டுபிடிக்க
வியாழன் முழுவதும், வெள்ளியில் பாதியும்.

திரும்ப அழைத்தேன்.
"இனி வேண்டாம்" என்றாள், காற்றுக்கு மேல் கத்தி.
அவள் குரலுக்குப் பின்னால்
மெல்லிய குரல் ஒன்று, பிறகு இன்னொன்று.
என்றைக்கு என்று
நான் கேட்கவில்லை.