இருக்கை எண் ஒன்பது

மிசிசாகாவில், டயர்க் கடைக்கு மேல்மாடி.
பன்னிரண்டு பேர், பன்னிரண்டு ஹெட்போன்.
திரையில் கேள்வி: உங்களுக்குப் பிடித்த இசை எது, ஏன்?
அறுபது நொடி.

அகல்யா மிஸ் எழுதிக்கொடுத்த ஜாஸ் நாக்கு நுனியில் இருந்தது,
"மனதை அமைதிப்படுத்துகிறது" வரைக்கும் மனப்பாடம்.
ஜாஸ் நான் கேட்டதில்லை.
பல் டாக்டரின் லிஃப்டில் ஓடியது அதுவாக இருக்கலாம்.

வாயைத் திறந்தேன்.
தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒரு பஞ்சாபிக் குரல்
ஜாஸ் என்றது.
பின்வரிசையில் யாரோ
அமைதிப்படுத்துகிறது, அமைதிப்படுத்துகிறது என்று
இரண்டாம் முறையும் அங்கேயே இடறினார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
உண்மையைச் சொல்லித் தொலைப்போம் என்று
குத்துப்பாட்டு என்றேன்.
குத்துக்கு ஆங்கிலம்?
கத்தியால் குத்துவது வந்தது.
முஷ்டியால் குத்துவது வந்தது.
இடுப்புக்குப் புரியும் குத்து மட்டும்
வரவே இல்லை.

பதினொரு நொடி பாக்கி.
மேசையில் தட்டிக் காட்டினேன்,
இரண்டு விரல், பிறகு உள்ளங்கை.
மைக்கின் பச்சைக் கோடு துள்ளியது.

பக்கத்துக் குரல் பாதி ஜாஸில் நின்றது.
தொண்டையைச் செருமிக்கொண்டு
பாங்ரா என்றது,
கொஞ்சம் சத்தமாகவே.

முடிவு பத்து நாளில் மின்னஞ்சலில் வருமாம்.