பிடி

குறையென்று ஒன்றைச் சொல்லத் தெரிந்திருந்தால்
மனியாகோவுக்கே திருப்பி எடுத்துப் போயிருப்பேன்.
ஸ்பிலிம்பெர்கோவிலிருந்து அரை மணி நேரம்,
அதுவும் நானே ஓட்டுகிற பேருந்து.

தூலியோ கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு
விரித்துப் பார்ப்பார், மடித்துப் பார்ப்பார்,
ஜன்னல் வெளிச்சத்துக்கு நேரே நீட்டுவார்.
அலகுக்கும் கொம்புக்கும் நடுவே மயிரிழை நுழையாது.
"என்ன கோளாறு, எர்மெஸ்?"
கோளாறே இல்லை என்பதுதான் என்று
விரல் முழுக்கத் தழும்பாக நிற்கிற மனிதரிடம்
எப்படிச் சொல்வது?

யாரோ கொடுத்த பரிசு என்றால் அவர்மேல் பழி போடலாம்.
இருபது வருடம் விபத்தில்லாமல் ஓட்டியதற்குக்
கம்பெனி கொடுத்த பணம்.
கடையில் பதினொரு கத்தியைத் தூக்கிப் பார்த்து
நானேதான் இதைத் தேர்ந்தேன்.
பிடி அருமை.
பிடிக்கவில்லை.
இரண்டுக்கும் நடுவில் நான்கு வருடமாக நிற்கிறேன்.

முன்பு இருந்தது மஞ்சள் பிளாஸ்டிக்.
பெட்ரோல் பங்கில், சில்லறை இல்லை என்றதற்குப் பதிலாக வாங்கியது.
அலகு ஆடும்.
பெயிண்ட் டப்பா திறந்ததில் முனை போய்விட்டது.
ஒருமுறை என் கட்டைவிரலோடு சேர்ந்து மடிந்துகொண்டது.
"அடேய்" என்றேன், ரத்தத்தைச் சூப்பியபடி.
திட்டினால் வாங்கிக்கொள்ளும் முகம் அதற்கு.

தல்யமெந்தோ ஆற்றில் தண்ணீரைவிடக் கல்லே அதிகம்,
எல்லாம் வெள்ளைக் கல்.
அங்கேதான் எங்கோ விழுந்தது.
மூன்று சாயங்காலம் டார்ச் அடித்துத் தேடினேன்.
காருக்குள்ளிருந்து ஒனொரினா கேட்டாள்,
"எந்தப் பெண்ணைத் தொலைத்தாய் அங்கே?"

இது தொலையாது.
இருக்கையில் விட்டேன்.
ஒரு கல்லூரிப் பையன் இரண்டு நிறுத்தம் ஓடி வந்து கொடுத்தான்.
லொரெத்தாவின் காப்பிக்கடையில் விட்டேன்.
கல்லாப்பெட்டியில், காகிதத் துவாலையில் சுற்றி
என் பெயர் எழுதி வைத்திருந்தாள்.
கடைசியில் மைத்துனன் எல்வியோவுக்கு இரவல் கொடுத்தேன்.
என் ஏணியும் பம்பும் முந்நூறு யூரோவும்
எட்டு வருடமாக அவனிடம்தான்.
கத்தி மட்டும் மூன்றாம் நாளே வந்தது,
எண்ணெய் போட்டு.
"நல்ல கத்தி" என்றான் தரையைப் பார்த்து.
அவனுக்கும்தான் என்று புரிந்தது.
அதற்கு முன்னும் பின்னும்
நாங்கள் அவ்வளவு ஒத்துப்போனதில்லை.

நவம்பரில் எல்வியோ போனான்.
கல்லறையில் மலர்வளையத்தை வண்டியோடு சேர்த்து
நைலான் கயிற்றால் இறுக்கியிருந்தார்கள்.
யாரிடமும் எதுவும் இல்லை, பாதிரியார் உட்பட.
நல்ல கோட்டில் நல்ல கத்தி இருந்தது.
ஒரே இழுப்பு. சத்தம்கூட வரவில்லை.
மழையில் நின்றவர்கள் எல்லாரும்
கயிற்றை விட்டுக் கத்தியைப் பார்த்தார்கள்.
துடைத்து மடித்தேன்.
வங்கியில் முத்திரை குத்துகிற மாதிரி ஒரு 'டிக்'.
என்னையறியாமல் சொன்னேன்,
"ரொம்ப நன்றி உங்களுக்கு."
உங்களுக்கு!

ஏணி அடுத்த வாரம் வீடு வந்து சேர்ந்தது.
பம்பும்.
பணத்தைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கடைசி நிறுத்தத்தில் பத்து நிமிடம் ஓய்வு.
இன்று பழகிப் பார்ப்போம் என்று
ஆப்பிளை எடுத்து அலகை விரித்தேன்.
தோல் அறாமல் ஒரே சுருளாக இறங்கி
முழங்காலைத் தொட்டது.
மஞ்சள் கத்தி இப்படி ஒருநாளும் உரித்ததில்லை,
சதையோடு கொத்திக் கொத்தித்தான் எடுக்கும்.
கொஞ்ச நேரம் அந்தச் சுருளையே பார்த்தேன்.
பிறகு கத்தியை மடித்து உள்ளே வைத்துவிட்டு
அடுத்த ஆப்பிளை
அப்படியே கடித்தேன்.